படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை: வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்காக



கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையா படிங்க. வீட்டில் டிப்ளோமா, டிகிரி முடிச்ச பிள்ளை இருந்தா பக்கத்துல உட்கார வச்சுப் படிங்க.

நம்ம கோயில்ல அர்ச்சனைச் சீட்டு எழுதுற மேசையில் பல வருஷமா நாங்க தொண்டூழியம் செய்றோம். முன்னெல்லாம் "எஸ்.பி.எம். நல்லா எழுதணும்", "கல்யாணம் கூடி வரணும்"னுதான் கேட்பாங்க. இப்போ வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது "மகனுக்கு சிங்கப்பூர்ல வேலை அமையணும்", "மகளுக்கு ஆஸ்திரேலியா விசா கிடைக்கணும்"னு சொல்றாங்க. சந்தோஷமான விஷயம்தான். பேர், நட்சத்திரம் எழுதிக்கிட்டே "என்ன வேலைங்கம்மா? எந்த பாஸ்ல போறாரு?"ன்னு கேட்டா, பாதிப் பேருக்குப் பதில் தெரியல. "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கிறாரு தம்பி"ங்கிறாங்க. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறோம். நாங்கள் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். தோட்டத்துல பிறந்து, தோட்டம் வித்த பிறகு சுங்கை பட்டாணி டவுனுக்கு வந்து, முப்பது வருஷத்துக்கு மேல தொழிற்சாலையில் வேலை. இப்போ சூப்பர்வைசர். வெளிநாட்டுல வேலை பார்த்தது கிடையாது. ஆனா வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவங்களைத் தினமும் பார்க்கிறோம். வெளிநாட்டு வேலைன்னா என்னன்னு அவங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்.

எங்க லைன்ல நேப்பாளத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். மெஷின் ஆப்பரேட்டர். ஒரு நாள் நைட் ஷிப்ட்ல ரிஜெக்ட் கணக்கு ஒத்து வரல. நாங்க மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டு இருந்தப்போ, அவன் பக்கத்துல வந்து நின்னு பார்த்துட்டு, எந்தக் கட்டத்துல தப்பு இருக்குன்னு சரியா விரலை வச்சான். "எப்படிப்பா தெரியும்?"னு கேட்டோம். ஊர்ல டிகிரி முடிச்சவனாம், கணக்குல. "பின்னே ஏன் இங்கே ஆப்பரேட்டர்?" அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "போஸ், என் பெர்மிட்ல ஆப்பரேட்டர்னுதான் போட்டிருக்கு."

அவனுக்கு அறிவு இருந்துச்சு, சிஜில் இருந்துச்சு. ஆனா வந்த பெர்மிட் ஒரு முதலாளியோடயும் ஒரு வகை வேலையோடயும் கட்டிப் போட்டது. கம்பெனி மாற முடியாது, மேல ஏறவும் முடியாது. எங்களுக்கு மனசு கேட்காம எச்.ஆர்.கிட்ட பேசிப் பார்த்தோம். சட்டம் இடம் கொடுக்கல. ஒப்பந்தம் முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டான்.

அப்போதான் ஒண்ணு உறைச்சது. புது நாட்டுல நீங்க என்ன வேலை பார்க்கப் போறீங்கங்கிறதை உங்க படிப்பு மட்டும் முடிவு பண்றதில்லை. எந்தக் காகிதத்தைக் காட்டி உள்ளே நுழையிறீங்களோ, அந்தக் காகிதம்தான் பாதி முடிவு பண்ணுது.

இது நமக்குப் புதுசும் இல்லை. நம்ம தாத்தா பாட்டி காலத்துக் கதையை எடுத்துப் பாருங்க. கங்காணி லைசன்ஸ் எடுத்துக்கிட்டுத் தன் ஊருக்குப் போவார். சொந்த பந்தம், தெரிஞ்ச குடும்பம்னு ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலோ மெட்ராஸிலோ கப்பல் ஏறி பினாங்குல இறங்குவாங்க. 1907-ல் தொடங்கின குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கும். அவங்க வேலை தேடி அலைய வேண்டியதே இல்லை. இறங்கும்போதே வேலை காத்திருந்துச்சு. அது என்ன வேலைன்னும் முன்னாடியே முடிவாகி இருந்துச்சு: காலையில் பெரட்டு, அப்புறம் பால் மரம்.

அதே காலத்துல அதே கடலைத் தாண்டி இன்னொரு கூட்டமும் வந்துச்சு. யாழ்ப்பாணத்தார் வந்தாங்க, மலையாளிகள் வந்தாங்க. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் பாதை போட்ட காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்து ஆட்கள் இங்கே ரயில்வே வேலையில் இருந்தாங்க. காரணம் ரொம்பச் சாதாரணம். அவங்க ஊர்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முன்னாடியே வந்துடுச்சு. 1823-லேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் உயர்கல்விக் கூடம் ஆரம்பிச்சாங்க. கையில் இங்கிலீஷ் படிச்ச சான்றிதழோட வந்தவங்க ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, டிரெசர்னு உட்கார்ந்தாங்க. காகிதம் இல்லாம வந்த நம்மவங்க பால் வாளி தூக்கினாங்க. அவங்க மேல குறை சொல்லல. அவங்களும் வீட்டை விட்டு, ஊரை விட்டு வந்தவங்கதான். ஆனா ஒரே கடல், ஒரே காலம், தோலும் ஒரே கறுப்பு. வித்தியாசம் அந்தக் காகிதத்துலதான் இருந்துச்சு.

காகிதம் சரியில்லைன்னா என்ன ஆகும்னு 1969-லயும் பார்த்தோம். குடியுரிமை இல்லாதவங்க வேலை பெர்மிட் எடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. முப்பது நாற்பது வருஷம் இந்த மண்ணுல மரம் வெட்டினவங்க, சிவப்பு அடையாளக் கார்டை வச்சுக்கிட்டு வேலை இழந்து நின்னாங்க. பல ஆயிரம் பேர் கப்பலேறித் திரும்பிப் போனாங்க. எங்க தோட்டத்துலயும் ரெண்டு லயத்து வீடு காலியாச்சுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. பினாங்கு துறைமுகத்துல ரஜூலா கப்பல் கிளம்பும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்ட அழுகையை அவங்க கடைசி வரைக்கும் மறக்கல.

இவ்வளவு அடிபட்டு வந்த நாம, நம்ம பேரப்பிள்ளைகளை "ஏஜென்ட் பார்த்துக்குவாரு"ன்னு அனுப்பலாமா?

போறது தப்புன்னு நாங்க சொல்லல. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல்தான் 1,700 ரிங்கிட் ஆச்சு. டிப்ளோமா முடிச்ச பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதையே கொடுக்கிற இடம் இருக்கு. சிங்கப்பூர் வெள்ளி ஒண்ணு மூணு ரிங்கிட்டுக்கு மேல. பிள்ளைங்க போகத்தான் செய்வாங்க. போறவங்க படிச்ச படிப்புக்கு ஏத்த வேலையில் போய் உட்காரணும். அதுதான் எங்க ஆசை.

இப்போ ஒரு குடும்பத்தைப் பத்திச் சொல்லணும். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அந்த அம்மாகிட்ட அனுமதி கேட்டுத்தான் எழுதுறோம். "எழுதுங்க தம்பி, இன்னொரு வீட்டுக்கு இப்படி வரக்கூடாது"ன்னாங்க.

மகன் போலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளோமா முடிச்சவன். நல்ல பையன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல எங்ககூட நின்னவன். ஒரு ஏஜென்ட் "ஆஸ்திரேலியாவில் டெக்னிசியன் வேலை, மாசம் பன்னிரண்டாயிரம் ரிங்கிட்"னு சொல்லி 15,000 வாங்கினான். அம்மாவோட தாலிச் சங்கிலியும் அடகுக்குப் போச்சு. போனது மூணு மாசத்து சுற்றுலா அனுமதியில். அதுல வேலையே செய்யக் கூடாது. இறங்கினதும் விக்டோரியா மாநிலத்துல திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மில்டுரா, ராபின்வேல் பக்கம் இப்படி வந்து மாட்டின மலேசியர்கள் நிறைய. அகதி விசா கேட்டு விண்ணப்பம் போட்டவங்கள்லயும் சில வருஷம் மலேசியர்களே முதல் இடத்துல இருந்தாங்கன்னா பார்த்துக்குங்க.

திராட்சை பறிக்கிறது கேவலமான வேலைன்னு நாங்க சொல்ல மாட்டோம். பால் மரம் வெட்டி வளர்ந்த குடும்பம் நாங்க. உழைப்புல கேவலம் கிடையாது. ஆனா சட்டப்படி இல்லாத உழைப்புல உரிமையும் கிடையாது. சம்பளம் குறைச்சுக் கொடுத்தா யார்கிட்ட போய்ச் சொல்றது? அவன் அனுபவிச்சது அதுதான். அனுமதி முடிஞ்சு வருஷக் கணக்கா ஆச்சு. டெக்னிசியன் வேலைக்கு விண்ணப்பம் போடவே முடியாது.

அப்புறம் அவங்க அப்பா தவறிட்டாரு. திடீர் மாரடைப்பு.

மகன் வரணும்னா ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறணும். அனுமதி முடிஞ்சு 28 நாளுக்கு மேல தங்கினவங்க வெளியேறினா, மூணு வருஷத்துக்குத் தற்காலிக விசா கிடைக்காது. ஏஜென்ட்டுக்கு வாங்கின கடன் இன்னும் பாதி பாக்கி. அம்மாவே "வராதப்பா, அங்கேயே இரு"ன்னு சொல்லிட்டாங்க. கொள்ளி வச்சது சித்தப்பா மகன். நம்ம தொண்டூழியர் ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தச் சின்னத் திரைக்குள்ள அவன் முட்டி போட்டு அழுதான். சுடுகாட்டுல எத்தனையோ காரியத்துக்கு நின்னிருக்கோம். அன்னைக்கு மாதிரி எங்களுக்குக் கை நடுங்கினது இல்லை.

அதனால பெற்றோர்களே, கொஞ்சம் விவரமா சொல்றோம். இதெல்லாம் நம்ம கோயில் பிள்ளைகள்ல ஒழுங்கா போனவங்ககிட்ட கேட்டும், அந்தந்த நாட்டு அரசாங்கம் வெளியிட்டதைப் பார்த்தும் எழுதினது. தொகையும் விதிகளும் மாறும். போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பார்த்துக்குங்க.

சிங்கப்பூர்: எல்லாத்தையும் "பெர்மிட்"னு ஒரே பேர்ல சொல்றோம். அங்கே மூணு படி இருக்கு. ஒர்க் பெர்மிட் ஒண்ணு, எஸ் பாஸ் ஒண்ணு, எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஒண்ணு. பட்டதாரி, அதிகாரி வேலைக்குரியது எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரியிலிருந்து அதுக்குக் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருக்கணும், வயசு கூடக் கூட இன்னும் அதிகம். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ்னு புள்ளி முறையும் வந்தாச்சு, 40 புள்ளி எடுக்கணும். அதோட, காட்டுற சான்றிதழ் உண்மையானதுன்னு சரிபார்த்து நிரூபிக்கணும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தது 3,300 வெள்ளி. ஆஃபர் லெட்டர் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது எந்தப் பாஸ்ங்கிறதைத்தான். சம்பளத்தை அதுக்கு அப்புறம் பாருங்க.

எஞ்சினியர் பிள்ளைகள்: 1989-ல் வாஷிங்டன் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல சேர்ந்த நாடுகள் ஒருத்தர் எஞ்சினியரிங் டிகிரியை இன்னொருத்தர் ஏத்துக்குவாங்க. மலேசியா 2009-ல் முழு உறுப்பினர் ஆச்சு. டிப்ளோமா அளவுக்கு டப்ளின் ஒப்பந்தம் இருக்கு (நம்ம கூலிம் டப்ளின் தோட்டம் இல்லீங்க, அயர்லாந்து டப்ளின்!). அதுலயும் மலேசியா இருக்கு. ஆனா நாடு சேர்ந்திருந்தா மட்டும் போதாது. உங்க பிள்ளை படிச்ச கல்லூரி, அந்தக் கோர்ஸ், அது அங்கீகாரம் பெற்ற வருஷம், மூணும் பட்டியல்ல இருக்கணும். கல்லூரியில் சேர்க்கிறதுக்கு முன்னாடியே இதைப் பாருங்க. நாலு வருஷம் படிச்ச பிறகு பார்த்து என்ன பண்றது?

சார்ஜ்மேன், ஒயர்மேன்: நம்ம தொழிற்சாலைப் பிள்ளைகள் நிறைய இதுல இருக்காங்க. இங்கே சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த சான்றிதழ் இங்கேதான் செல்லும். சிங்கப்பூர்ல எலக்ட்ரிசியன் லைசன்ஸ் கொடுக்கிறது அவங்க எனர்ஜி இலாகா. அங்கே மறுபடியும் எடுக்கணும். ஆனா இங்கே பார்த்த வருஷங்கள் வீணாகாது. எந்த மெஷின், எத்தனை வோல்ட், எத்தனை வருஷம்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. "நல்ல பையன், நல்ல உழைப்பாளி"ன்னு மட்டும் எழுதின கடிதம் எதுக்கும் உதவாது. நாங்களே அப்படிக் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு, எச்.ஆர். மூலமா வேலை விவரத்தோட கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கோம்.

நர்ஸ் பிள்ளைகள்: முதல்ல நம்ம நாட்டு ஜூருராவாட் வாரியத்துல பதிவும், வருஷா வருஷம் புதுப்பிக்கிற சான்றிதழும் இருக்கணும். நன்னடத்தைக் கடிதத்தை வாரியம்தான் அங்கே அனுப்பணும். சிங்கப்பூர்ல வேலை கொடுக்கிற ஆஸ்பத்திரி மூலமா விண்ணப்பம் போய், அங்கே பரீட்சை எழுதணும். பிரிட்டன்ல இங்கிலீஷ் பரீட்சை, கம்ப்யூட்டர் பரீட்சை, அங்கே போனதும் செய்முறைப் பரீட்சை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் எழுத்துப் பரீட்சையும், அடிலெய்ட்ல செய்முறைப் பரீட்சையும்.

டாக்டர் பிள்ளைகள்: சிங்கப்பூர் ஒரு பட்டியல் வச்சிருக்கு. அதுல இருந்த 160 பல்கலைக்கழகங்களை 2020-ல் 103 ஆக்கினாங்க. பிறகு சிலதைச் சேர்த்தாங்க. சேரும்போது பட்டியல்ல இருக்கிறது முடிக்கும்போதும் இருக்குமான்னு கேட்டுக்குங்க.

ஏஜென்ட்: நல்லவங்களும் இருக்காங்க. 1981-ம் வருஷச் சட்டப்படி தனியார் வேலை ஏஜென்சிக்கு லைசன்ஸ் வேணும். ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில் போய்க் கேட்டா லைசன்ஸ் இருக்கா இல்லையான்னு சொல்லுவாங்க. "முதல்ல டூரிஸ்டா போ, அங்கே போய் மாத்திக்கலாம்"னு சொல்றவன் உங்க பிள்ளையை விக்கிறான்னு அர்த்தம். "கஸ்டமர் சர்வீஸ் வேலை, இங்கிலீஷ், சீனம் தெரிஞ்சா போதும், முதல்ல ஹட்யாய் வா"ன்னு கூப்பிட்டா ஓடி வந்துடுங்க. 2022-ல் கம்போடியா, மியன்மார், லாவோஸ்ல மாட்டின மலேசியப் பிள்ளைகளை அடைச்சு வச்சு, அடுத்தவங்களை போன்ல ஏமாத்துற வேலை செய்ய வச்சாங்க. நமக்கு புக்கிட் காயு ஹித்தாம் பக்கம்தான். காலையில் கிளம்பினா மதியம் தாய்லாந்து. வேலைக்குப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டுப் போறது சுலபம். திரும்பி வர்றதுதான் கஷ்டம்.

இன்னொரு கேள்வியும் வரும். "படிச்ச வேலை உடனே கிடைக்கலன்னா சின்ன வேலையில் சேரலாமா?" சேரலாம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடா போன நம்மவங்களைப் பாருங்க. கணக்காளரும் வாத்தியாரும் டொரொண்டோவில் ராத்திரி ஃபேக்டரியிலயும், ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற இடத்துலயும் நின்னாங்க. பகல்ல படிச்சாங்க. அவங்களுக்கு அங்கே இருக்க உரிமைக் காகிதம் இருந்துச்சு, அதனால ஒரு நாள் மேல ஏற முடிஞ்சது. நம்ம பையனும் திராட்சைத் தோட்டத்துல நின்னான், ஏற முடியல. ரெண்டுக்கும் உழைப்புல வித்தியாசம் இல்லை. கீழ்ப்படியில் நிக்கும்போது மேல்படிக்கு ஏணி இருக்கான்னு பார்க்கணும். இந்தப் பாஸ்ல வேற கம்பெனி மாறலாமா? இந்த வேலையில் இருக்கும்போதே பரீட்சை எழுதலாமா? ரெண்டுக்கும் "இல்லை"ன்னு பதில் வந்தா, எவ்வளவு சம்பளம் சொன்னாலும் யோசிங்க.

மனசைத் தேத்திக்க ஒரு நல்ல விஷயமும் சொல்றோம். பாடாங் செராய் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி. பாட்டி பால் மரம் வெட்டினவங்க, அம்மா பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்குறவங்க. நர்ஸிங் டிப்ளோமா முடிச்சதும் உடனே போகல. இங்கேயே வார்டுல ரெண்டரை வருஷம் வேலை பார்த்தா. "எல்லாரும் போயிட்டாங்க, நீ இன்னும் ஏன் இங்கே இருக்கே?"ன்னு கேட்டவங்க நிறைய. இங்கிலீஷ் பரீட்சை முதல் தடவை போச்சு. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, நம்ம அன்னதான மண்டபத்துல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து படிச்சா. ரெண்டாவது தடவை பாஸ். ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது ஒரு காசு இல்லை. பிரிட்டன் ஆஸ்பத்திரியே நேரடியா எடுத்தது. இப்போ அங்கே பதிவு பெற்ற நர்ஸ். போன வருஷம் லீவுல வந்து, அம்மாவைப் பள்ளிக்கூட வேலையை விட வச்சுட்டுப் போனா. எந்த வீட்டுலயும் நடக்கக் கூடியதுதான் இது. அவ எடுத்துக்கிட்ட அந்த ரெண்டரை வருஷப் பொறுமைதான் வேணும்.

கடைசியா, கோயில் நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கி ஒரு சின்ன ஏற்பாடு செஞ்சிருக்கோம். மாசத்துல முதல் ஞாயிறு, காலைப் பூஜைக்குப் பிறகு அன்னதான மண்டபத்துல ஒரு மேசை போடுறோம். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியர் ஒருத்தர், நர்ஸ் அக்கா ஒருத்தங்க, எஞ்சினியர் தம்பி ஒருத்தர், அப்புறம் நாங்க. ஆஃபர் லெட்டர், விசா விவரம், சான்றிதழ் நகல் எடுத்துட்டு வாங்க. கூடவே உட்கார்ந்து படிச்சுப் பார்க்கிறோம். அந்த நாட்டு அரசாங்கப் பக்கத்துல சரிபார்க்க உதவுறோம். வேலை வாங்கித் தர மாட்டோம், பணம் வாங்க மாட்டோம், யாரையும் சிபாரிசு செய்யவும் மாட்டோம். ஏற்கனவே வெளிநாட்டுல நல்லபடியா இருக்கிற நம்ம பிள்ளைகள் மாசம் ஒரு மணி நேரம் வீடியோ கால்ல வந்து பேசினா பெரிய புண்ணியம். விருப்பம் இருக்கிறவங்க கீழே சொல்லுங்க.

ஏற்கனவே போய் மாட்டிக்கிட்ட பிள்ளைங்க வீட்டுல இருந்தா வெட்கப்படாதீங்க. யாருக்கும் தெரியாம எங்ககிட்ட வந்து சொல்லுங்க. ஒரு வழி இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம்.

தயவுசெய்து பகிருங்கள். ஒரு அம்மா ஒரு சங்கிலியை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இது அவங்க கண்ணுல பட்டா போதும்.

முருகன் துணை.